டப்பாவுக்கு முன்னே மூட்டையைக் காட்டுங்கள்

"அண்ணாச்சி, ஜிம்முக்குப் போறேன். உடம்பு தேறணும். நல்ல புரோட்டீன் பவுடர் எது, உங்ககிட்ட இருக்கா?" மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பலரும் இன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம். மறுபக்கம் விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்கிறார். ஒரு டப்பாவில் அவர் சொல்லும் மார்ஜின், நாம் ஒரு மூட்டைப் பருப்பை நிறுத்துப் போட்டாலும் கிடைக்காது. ஆசை வருவது இயற்கைதான்.

எனக்கும் வந்தது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகன் கேட்டபோது, ஒரு பெரிய டப்பாவை எடுத்துக் கொடுத்துக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த மாதம் அந்த வீட்டுச் சிட்டையில் துவரம்பருப்பு பாதியாகக் குறைந்தது. நிலக்கடலை அடியோடு இல்லை. முட்டையும் வாங்கவில்லை. பையனுக்கு ஒரு டப்பா புரதத்தைக் கொடுத்துவிட்டு, நான்கு பேர் உண்ணும் புரதத்தை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன் என்பது நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. அதிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் கருத்தாகப் படித்தேன். படித்ததையும் என் அபிப்பிராயத்தையும் நம் வணிகப் பெருமக்கள் முன் வைக்கிறேன்.

முதலில் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது வடியும் தெளிநீரில் உள்ள புரதத்தைப் பிரித்துக் காயவைத்தால் கிடைப்பதே 'வே புரோட்டீன்'. ஒரு காலத்தில் சீஸ் ஆலைகள் இந்தத் தெளிநீரைக் கழிவாகக் கொட்டின, அல்லது பன்றிகளுக்கு ஊற்றின. பொருள் கெட்டதல்ல, எளிதில் செரிக்கும் நல்ல புரதம்தான். ஆனால் அது மந்திரப் பொடியும் அல்ல. 'வெயிட் கெய்னர்' என்று விற்கும் பொடிகளிலோ பெரும்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையுமே. லேபிளைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும்.

தசை ஏறுவதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது பயிற்சி. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, இரும்புத்தூக்கு எதுவானாலும் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது, வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலான சாப்பாடு. மூன்றாவது தூக்கமும் ஓய்வும். பயிற்சி இல்லாமல் எதைத் தின்றாலும், அது டப்பாப் பொடியே ஆனாலும், மிஞ்சுவது கொழுப்பாகத்தான் சேரும்.

புரதம் எவ்வளவு தேவை? சாதாரண மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. எடை தூக்குவோரைப் பற்றி 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த அறிக்கை, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசையில் கூடுதல் பலன் தெரியவில்லை என்கிறது. ஆகவே 60 கிலோ எடையுள்ள, பயிற்சி செய்யும் இளைஞருக்கு நாளொன்றுக்கு 96 கிராம் போதும்.

அதை நம் கடையிலேயே கூட்டிப் பார்ப்போம். முட்டை 2: 12 கிராம். பால் அரை லிட்டர்: 16. பொட்டுக்கடலை 50 கிராம்: 11. நிலக்கடலை 50 கிராம்: 12. சோயா உருண்டை 30 கிராம்: 15. நாள் முழுதும் உண்ணும் சோற்றுக்கு அரிசி 300 கிராம்: 22. பருப்பு 75 கிராம்: 16. மொத்தம் 104. பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் மட்டுமே 450 கலோரிக்குக் குறையாமல் தருகின்றன. எடை கூடவும் அதுவே வழி. பருப்பில் குறையும் சத்தை அரிசியும், அரிசியில் குறைவதைப் பருப்பும் ஈடுகட்டும். முட்டை தொடாதவர்கள் பயறு, கொண்டைக்கடலை, தயிரைக் கூட்டிக்கொள்ளலாம்.

விலைக் கணக்கும் நமக்குத் தெரிந்ததே. ஒரு கிலோ பொட்டுக்கடலையில் சுமார் 220 கிராம் புரதம். நல்ல வே பொடி ஒரு கிலோவில் 720 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த டப்பா மூன்றேகால் கிலோ பொட்டுக்கடலைக்குச் சமம். இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். எது மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் உயரப் பிரிவில் பட்டம் வென்ற வங்காளத்து மனோகர் அய்ச், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடையவர். பிரிட்டிஷ் ஆட்சியில் சிறையில் இருந்தபோதும் பயிற்சியை விடாதவர். சோறு, பருப்பு, மீன், பால் ஆகியவையே அவர் உணவு. நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016-இல் மறைந்தார்.

இனி நம் தலைக்கு வரக்கூடிய வில்லங்கத்தைப் பார்ப்போம். மிளகில் பப்பாளி விதை கலப்பதை அறிந்த நமக்குப் புரதப் பொடியில் நடக்கும் கலப்படமும் புரியும். வழக்கமான சோதனை, பொடியில் உள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. மலிவான அமினோ அமிலத்தைச் சேர்த்தாலே கணக்கு ஏறிவிடும். 2008-இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்ததும் இந்தச் சூதுதான். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. தசை கூட்டுவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதியான பொருளை விற்றாலும், தவறான லேபிளுடன் விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் விற்றவரும் பொறுப்பாளி. "கம்பெனி அனுப்பியது, நான் என்ன செய்வேன்" என்று கையை விரிக்க முடியாது.

ஆதலால் என் யோசனை இதுதான். டப்பாவை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பவர்கள் பில் இல்லாத சரக்கைத் தொட வேண்டாம். 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகம் ஆகியவற்றைப் பார்த்தே எடுங்கள். சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்களை டாக்டரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். கடனுக்கு மட்டும் எழுதவே எழுதாதீர்கள்.

அதோடு, பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பொட்டுக்கடலை, எள், சோயா எல்லாவற்றையும் கடை முகப்பில் ஒரே வரிசையில் வையுங்கள். நூறு கிராமில் எவ்வளவு புரதம் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டுங்கள். கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டி வைத்தால் கேட்டு வாங்குவார்கள். அந்த மார்ஜின் சிறிதானாலும் மாதந்தோறும் வரும்.

ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் அதே நஞ்சு உண்டு. சாயமேற்றிய பருப்பை வைத்துக்கொண்டு டப்பாக்காரரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கடலையைப் புடைத்து, சொத்தையும் கறுத்ததும் நீக்கி, ஈரம் படாமல் அடுக்குவது நம் வேலை.

இப்போதெல்லாம் அந்தப் பையன் வாரம் ஒருமுறை கடலையும் பயறும் வாங்கிப் போகிறான். அவன் அப்பாவின் சிட்டையில் துவரம்பருப்பு பழைய அளவுக்கு வந்திருக்கிறது. நமக்கு வேண்டியதும் அத்தகைய வாடிக்கைதானே?