முன்பாரமும் பின்பாரமும்

காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லத்தக்க, இருவர் படுத்துறங்கும் சிறிய முகாம்பெட்டி ஒன்றை வீட்டுக் கராஜிலேயே செய்ய விரும்புவோர் முதலில் வரைவது அதன் படத்தைத்தான். வளைந்த கூரை, வட்ட யன்னல், பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவு, அதன் கீழே குசினி. படம் அழகாகவே இருக்கும். ஆனால் திட்டத்தின் முதற் பக்கத்தில் இருக்கவேண்டியது படம் அன்று, பார அட்டவணை என்பது எனது கருத்து.

கண்ணீர்த்துளி வடிவிலான இப்பெட்டி அமெரிக்காவில் 1930களில் பரவியது. உலகப்போர் முடிந்ததும் போரில் எஞ்சிய அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் கைக்குக் கிட்டவே, வீட்டில் செய்வோர் பெருகினர். 1947இல் ‘மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேற்றட்’ சஞ்சிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. 4 அடி அகலம், 8 அடி நீளம் என்ற வழமையான அளவு ஒரு முழுப் பிளைவூட் பலகையின் அளவேயாகும். ஆசையை அடக்கிச் செய்தால் மொத்தப் பாரம் 450 கிலோவைத் தாண்டாது.

ஆசைதான் அடங்குவதில்லை! ரொறன்ரோவில் வாழும் எனது மருமகன் முறையான இளைஞர் ஒருவர் அனுப்பிய படத்தில், பின்புறக் குசினிக்குள் 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, ஈய அமில மின்கலம், குளிர்பெட்டி, எரிவாயு உருளை எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. தண்ணீர் மட்டும் 40 கிலோ. 100 அம்பியர்-மணி மின்கலம் 25 முதல் 30 கிலோ. அத்தனையும் அச்சுக்குப் பின்னால்.

இதிலுள்ள ஆபத்தை யாழ்ப்பாணத்தில் திருக்கல் வண்டி ஓட்டிய எவரும் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். பின்பாரம் கூடினால் வண்டியின் முன்புறம் மேலெழுந்து கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் நுகம் பிடரியை அழுத்தும். காருக்குக் கழுத்து இல்லை என்பதால் அது முறையிடுவதில்லை. நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். பயந்து காரின் பிறேக்கை ஓங்கி மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். சுக்கானை நேராகப் பிடித்து, அக்சிலரேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுப்பதே வழி. பின்னால் வரும் வண்டியில் இன்னொருவரின் குழந்தைகள் இருக்கலாம் என்பதால் இதனைத் தனிமனிதப் பொழுதுபோக்கென்று விட்டுவிட முடியவில்லை.

வட அமெரிக்காவில், மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் காரின் கொளுக்கிமீது அமரவேண்டும் என்பர். பிரித்தானியாவில் கரவன்களுக்கு 5 முதல் 7 வீதம் போதும் என்கின்றனர். அங்கே இழுக்கும் வேக எல்லையும் குறைவு. இதனை அளக்கக் குளியலறைத் தராசே போதும். சாமான்களையெல்லாம் ஏற்றி, பெட்டியை மட்டமாக நிறுத்தி, மூக்குப்பகுதியின் கீழே ஒரு மரக்கட்டையையும் தராசையும் வைத்தால் விடை தெரியும். 450 கிலோப் பெட்டிக்கு 45 கிலோவாவது காட்டவேண்டும். ஆனால் அச்சை வெல்டிங் செய்து முடித்தபின் இந்த விடை தெரிந்து என்ன பயன்? ஆகவேதான் ஒவ்வொரு பலகையின் நிறையையும், அது அச்சிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும் முன்கூட்டியே கடதாசியில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அச்சை ஆணிகளால் பூட்டி, முன்பின் நகர்த்தத்தக்கதாக அமைப்பது அதனினும் நன்று.

சட்டம் இங்கே அதிகம் உதவாது. ஒன்ராறியோவில் 1,360 கிலோவுக்குக் குறைந்த இழுவைப்பெட்டிக்குத் தனிப் பிறேக் கட்டாயமில்லை. பிரித்தானியாவில் அந்த எல்லை 750 கிலோ. நமது பெட்டி இரண்டுக்கும் கீழே தப்பிவிடும். அதனால் காரின் கைநூலே முதற் சட்டம். சில சிறிய கார்கள் எதனையும் இழுக்கக் கூடாதென்றே அதில் எழுதப்பட்டிருக்கும்.

மருமகனின் படத்தில் காற்றுத் துவாரமும் இல்லை. இருவரின் மூச்சு ஓர் இரவில் உட்சுவரில் நீராய் வழியும். குளிருக்கு அடுப்பையோ சூடாக்கியையோ உள்ளே எரியவிடும் எண்ணம் அவருக்கு இருக்குமாயின் அதையும் இப்போதே கைவிடட்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.