தாத்தாவுக்கும் தம்பிக்கும் ஒரே வண்டி

சிங்கப்பூரில் வீவக புளோக்குகளின் கீழே காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாலு சக்கர மின்வண்டியில், முன்கூடையில் கீரையும் மீனுமாக, ஈரச்சந்தையிலிருந்து ஒரு தாத்தா மெதுவாக வருவார். சாயங்காலம் அதே இடத்தில், அதே மாதிரி வண்டியில், நல்ல திடகாத்திரமான ஒரு தம்பி சாப்பாட்டுப் பையோடு பறப்பார். வண்டி ஒன்றுதான். கண்காணிக்கிற அதிகாரி யாரை நிறுத்துவது?

கொஞ்சம் பழைய கதை. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டருடன் மோதி, சைக்கிளில் வந்த 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். அந்த நவம்பர் 5-ஆம் தேதியிலிருந்து நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்போது நடைபாதைகள் சுமார் 5,500 கிலோமீட்டர். சைக்கிள் பாதைகளோ வெறும் 440. ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் நிலைமையை யோசியுங்கள். வண்டியை மாற்றிக்கொள்ள 70 லட்சம் வெள்ளி உதவித் திட்டம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தடையும் சரிதான் என்பேன். ஆனால் அந்தச் சட்டம் வண்டியின் பெயரைப் பார்த்துத் துரத்தியது. பெயரைத் துரத்தினால் என்ன ஆகும்? சிலர் வேறு பெயருள்ள வண்டிக்கு மாறினார்கள். நடக்க முடியாதவர்களுக்கென்று நடைபாதையில் அனுமதிக்கப்பட்ட வண்டியில் நன்றாக நடக்கிறவர்களும் ஏறிக்கொண்டார்கள்.

அதற்கும் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதில் இரண்டு விஷயம் முக்கியம். இந்த வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைகிறது. மொபிலிட்டி ஸ்கூட்டர் ஓட்ட, மருத்துவத் தேவை இருக்கிறது என்ற சான்றும் வேண்டும்.

முதல் விஷயத்துக்கு என் முழு ஓட்டு. மனிதன் சாதாரணமாக நடப்பது மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில். 6 என்றால் கூடவே நடந்து வருகிற மாதிரி. பத்துக்கும் ஆறுக்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட இயற்பியல்தான்: வேகத்தின் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள், மோதும்போது இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். லிஃப்டிலிருந்து ஓடி வருகிற குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவதில்தான் எனக்கு நெருடல். மூட்டுவலிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, காப்பிக் கடைக்குள் நாலு அடி நடந்து போகிறார் என்று வையுங்கள். பார்க்கிறவர்கள் உடனே "நல்லாத்தானே நடக்கிறார், நடிக்கிறார்" என்பார்கள். வலி வெளியே தெரியுமா? இன்றைக்கு நடக்க முடிந்தவர் நாளைக்கு எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கலாம். அவரைத் தெருவில் நிறுத்தி "உடம்புக்கு என்ன?" என்று கேட்பது கொடுமை.

முதலில் நான் இந்தச் சான்றுக்கு முழு எதிரி. யோசிக்க யோசிக்கக் கொஞ்சம் இறங்கி வந்தேன். அதிகாரியும் கண்ணால் பார்த்து வலியை அளக்க முடியாது. கையில் தாள் இருந்தால், அந்த மூட்டுவலிக்காரரை யாரும் நாலு பேர் முன்னால் விசாரிக்க வேண்டியதில்லை. அந்த அளவில் அது அவருக்குக் கவசம்தான்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் வேகத்தைப் பார்க்கட்டும், பிறகு தாளைக் கேட்கட்டும். 6-க்குள் ஒழுங்காகப் போகிறவரை, பார்க்க இளமையாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது. இளம் வயதிலும் நடக்க முடியாதவர்கள் உண்டு, அது ஏன் நமக்கு மறந்துபோகிறது? வேகமாகப் போகிறவரிடம் சான்று இருந்தாலும் அபராதம் போடட்டும். வேக வரம்பைத் தளர்த்தி ஓட விடுகிற வேலையைச் செய்து தருகிறவரையும் தேடிப் பிடிக்கட்டும். தெருவில் நூறு வண்டியை நிறுத்துவதைவிட அப்படி ஒரு ஆளைப் பிடிப்பது மேல்.

அந்தச் சாப்பாட்டுத் தம்பியையும் வில்லனாக்க மனசு வரவில்லை. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, 6 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர முடியும்? அவரை நடைபாதையில் நிறுத்தும் அதிகாரியிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கணக்கை ஆர்டர் அனுப்புகிற கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.