உள்ளங்கை வாவல்

புனேவில் கடல் இல்லை. ஆனால் ஞாயிறு காலை மீன் கடையில் ‘பாப்லேட்’ இல்லாமல் இருக்காது. நம் ஊர் வெள்ளை வாவல்தான். பக்கத்திலேயே ‘ஹல்வா’ என்ற கறுப்பு வாவலும் கிடக்கும். பெயரில்தான் இரண்டும் பங்காளிகள். வாலடியைத் தடவிப் பாருங்கள்: கறுப்பு வாவலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும். அது பாரை மீன் குடும்பம். வெள்ளை வாவலோ வேறு குடும்பம். வயிற்றடியில் துடுப்பே கிடையாது. இந்தியக் கடலில் பிடிபடும் வெள்ளை வாவல், நூல்களில் நெடுங்காலம் எழுதப்பட்டுவந்த ‘பாம்பஸ் அர்ஜென்டியஸ்’ அல்ல, ‘பாம்பஸ் கேண்டிடஸ்’ என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

வெள்ளை வாவலை 2023 செப்டம்பரில் மகாராஷ்டிரா தன் மாநில மீனாக அறிவித்தது. வாவலுக்குப் பேர்போன பால்கர் மாவட்டத்துச் சாத்பாட்டி மீனவர்கள் அதன் வரத்து குறைவதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கரையோரச் சேற்றுத்தரைக் கடல்தான் அதன் வீடு. ‘டோல்’ என்னும் பை வலைகள் கட்டுவதும் அங்கேதான். குஞ்சும் சேர்ந்தே அள்ளப்படுகிறது. 135 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவே போதாது. முட்டையிட அது இன்னும் வளர வேண்டும். ஜூன், ஜூலைத் தடைக்காலத்தை அமல்படுத்தும் அரசு, நகரத்துச் சந்தைகளிலும் அளவுகோலோடு நிற்க வேண்டும். போன வாரம் கடைக்காரர் உள்ளங்கையளவு வாவல் ஆறைக் கூறுகட்டி நீட்டினார். “வேண்டாம் தாதா, பெரிசு வரும்போது சொல்லுங்க” என்று பையை மடித்துக்கொண்டேன்.