தண்ணீரில் நின்ற மந்திரி!

கோட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவு கடல் தண்ணீரில் நின்று பேசினார் ஒரு மந்திரி. சினிமா ஷூட்டிங் அல்ல! துவாலு நாட்டின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த சைமன் கோஃபே, 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டுக்கு அனுப்பிய பேச்சு அது.

துவாலு, பசிபிக் கடலில் 9 சின்னத் தீவுகள். ஜனத்தொகை சுமார் 11 ஆயிரம். உள்ளதிலேயே உயரமான மேடு 5 மீட்டர்கூட இல்லை. கடல் பொங்கும் நாட்களில் தண்ணீர் தரைக்கு அடியிலிருந்தே கொப்பளிக்கிறது. கிழங்கு பயிரிடும் குழியில் உப்பு ஏறுகிறது. பிறகு என்ன விளையும்?

கடல் ஏன் ஏறுகிறது? துருவத்து ஐஸ் உருகுது, அதனால் என்பார்கள். அதில் ஒரு விஷயம் உண்டு. சர்பத் கிளாசில் மிதக்கிற ஐஸ் கரைந்தால் கிளாஸ் வழியாது. வெளியிலிருந்து இன்னொரு கட்டியைப் போட்டால் வழியும்! கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் மலை மலையாகக் கிடக்கிற ஐஸ்தான் அந்த 'இன்னொரு கட்டி'.

2002 முதல் செயற்கைக் கோள்கள் எடுத்த கணக்குப்படி, கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரி 26 ஆயிரம் கோடி டன் ஐஸை இழந்து வருகிறது. அண்டார்டிகா தன் பங்குக்குச் சுமார் 13 ஆயிரம் கோடி டன்! போதாததற்கு, சூடேறிய கடல் தண்ணீரும் விரிந்து மட்டத்தை ஏற்றுகிறது.

1900-ல் இருந்து உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதாவது ஒரு சாண். சாண் ஏறினா முழம் சறுக்கும் என்பார்கள். கடல் சாண் ஏறிவிட்டது, சறுக்கவே இல்லை. 1993-ல் இருந்த வேகத்தைப்போல இப்போது இரண்டு மடங்கு வேகம்!

நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துப் பணக்காரர்களானவை பெரிய நாடுகள். துவாலு விட்ட புகை எவ்வளவு? கொசுறு! ஆனால் தண்ணீரில் நிற்பது அவர்கள்தான்.

ஆண்டுக்கு 280 துவாலு மக்களுக்கு இடம் தர ஆஸ்திரேலியா 2023-ல் ஒப்பந்தம் போட்டது. யார் போவது? குலுக்கல்! 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தாரையும் சேர்த்து 8 ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். சொந்த மண்ணை விட்டுப் போவதற்கும் லாட்டரி! இடம் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் இடம் மட்டும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

புகையை வெகுவாகக் குறைத்தால் இந்த நூற்றாண்டு முடிவில் கடலின் ஏற்றம் அரை மீட்டர் அளவோடு நிற்கலாம். இஷ்டத்துக்குப் புகை விட்டால் ஒரு மீட்டரைத் தொடலாம் என்கிறது ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் 2021 அறிக்கை. அந்த அரை மீட்டர் வித்தியாசம் இன்னும் மனிதன் கையில்தான் இருக்கிறது.

துவாலு எங்கேயோ இருக்குது, நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட முடியாது. அங்கே ஏறுகிற கடலும் காசிமேட்டில் அலையடிக்கிற கடலும் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான். அங்கே முழங்கால் நனைந்தது, எல்லாருக்கும் அடித்த மணி!