மூக்கும் மானமும்

ஒருவர் அவமானப்பட்டால் “மூக்கறுபட்டான்” என்றும், வாதத்தில் தோற்றால் “மூக்குடைபட்டான்” என்றும் சொல்லுவது நமது நாட்டு வழக்கமாகும். விரல் போனவனுக்கு இல்லாத மானக்கேடு மூக்குப் போனவனுக்கு மாத்திரம் எப்படி வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. மூக்கை அறுத்தவர்கள் யார், அறுந்த மூக்கை ஒட்ட வைத்தவர்கள் யார் என்கின்ற இரண்டு சங்கதிகளையும் பார்த்தால் இந்த மானத்தின் யோக்கியதை தானாகவே விளங்கிவிடும். மூக்கைத் திருத்தும் ரண சிகிச்சையைப் பற்றிய பேச்சு இன்று போடிநாயக்கனூர் வரைக்கும் வந்துவிட்டபடியால், இதைப் பற்றி நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

முதலாவதாக, அறுத்தவர்களைப் பார்ப்போம். கௌடில்யர் பேரால் வழங்கும் அர்த்த சாஸ்திரம், சோரம் போன மனைவியைப் புருஷன் மன்னிக்காவிட்டால் அவளுடைய மூக்கையும் காதையும் அறுக்கச் சொல்லுகின்றது. இராமாயணத்திலோ, ஆசையை வாய்விட்டுச் சொல்லி, பரிகசிக்கப்பட்டு, ஆத்திரப்பட்டுப் பாய்ந்த சூர்ப்பனகையின் மூக்கு அறுக்கப்பட்டது. அறுத்தவன் இன்றைக்கும் பூஜிக்கப்படுகின்றான்.

இது கதை என்றால் சரித்திரத்துக்கு வருவோம். போடி, மதுரை நாயக்கர் அரசின் பாளையங்களுள் ஒன்றாயிருந்த காலத்தில், 1650களின் பிற்பகுதியில், மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பினார்கள் என்று அக்காலத்து ஏசு சபைப் பாதிரிமார்களின் கடிதம் கூறுகின்றது. சேதுபதியின் துணையோடு அதை விரட்டிய திருமலை நாயக்கரின் படையும் மைசூர்ச் சீமைக்குள் போய் அதே காரியத்தையே செய்தது. இதற்கு “மூக்கறுப்புப் போர்” என்று பேர். இரண்டு ராஜாக்களுடைய மானத்திற்காக, ஒரு பாவமும் அறியாத குடிகள் மூக்கை இழந்தார்கள். இதில் மானமிழந்தவர்கள் அறுபட்டவர்களா, அறுத்தவர்களா என்று கேட்கின்றோம்.

இனி ஒட்ட வைத்தவர்களைப் பார்ப்போம். கவாஸ்ஜி என்பவர் இங்கிலீஷ் பட்டாளத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792இல் முடிந்த சண்டையில் திப்பு சுல்தான் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமலிருந்த அவருக்குப் பூனாவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்குப் போல் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். அந்த அளவுக்குத் தோலை உரித்து, இரு புருவங்களுக்கும் நடுவில் மாத்திரம் ஒரு துண்டை அறுக்காமல் விட்டார். இரத்த ஓட்டம் நிற்காமலிருப்பதற்கே அது. பிறகு அத்தோலைத் திருப்பி இறக்கி, அறுந்த இடத்தைச் சீவி அதில் பொருத்தி, காசுக்கட்டி தடவிய துணியால் ஒட்டினார். நாலு நாள் சென்று நெய்த்துணி போட்டார். ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் புருவத்து இணைப்பை அறுத்துவிட்டார். இதை இரண்டு இங்கிலீஷ் டாக்டர்கள் நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளிவந்தது. அதைக் கொண்டு கார்ப்யூ என்ற டாக்டர் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். உலகமெங்கும் பரவிற்று. புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கு போனவர்களுக்கு இன்றைக்கும் நெற்றித் தோலையே திருப்பி வைக்கின்றார்கள். இணைப்பை மூன்று வாரம் கழித்தே அறுக்கின்றார்கள்.

அந்தப் பத்திரிகை மாட்டு வண்டிக்காரரின் பேரை எழுதிற்று; பார்த்த டாக்டர்களின் பேரையும் எழுதிற்று. ஆனால் மூக்கை வைத்தவருடைய ஜாதியை எழுதிற்றே ஒழிய பேரை எழுதவில்லை!

“இதெல்லாம் எங்கள் சுசுருதரிடமே இருக்கின்றது” என்று வைதீகர்கள் மார்தட்டலாம். இருப்பது வாஸ்தவம். சுசுருத சம்ஹிதை கன்னத்துத் தோலால் மூக்கு வைப்பதையும், பிணத்தைத் தண்ணீரில் ஊற வைத்து உள்ளுறுப்புகளைப் பார்த்துக் கற்பதையும் சொல்லுகின்றது. ஆனால் மனு என்ன சொல்லுகின்றார்? வைத்தியன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமானம் என்கின்றார். சிரார்த்தத்துக்கு அவனைக் கூப்பிடாதே என்கின்றார். பிணத்தைத் தொட்டால் தீட்டு, இரத்தத்தைத் தொட்டால் தீட்டு என்றான பிறகு, படித்தவன் கத்தியை எடுக்கவில்லை. கத்தி எடுத்தவனைப் படிக்க விடவில்லை. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் பிணத்தை அறுத்ததே பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. நிலைமை இப்படியிருக்க, 2014இல் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரி விழாவில் நாட்டின் பிரதமரே, விநாயகருக்கு யானைத் தலையைப் பொருத்திய பிளாஸ்டிக் சர்ஜன் அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பேசினார். இல்லாத யானைத் தலைக்கு இவ்வளவு பெருமை; உண்மையாக மூக்கு வைத்த செங்கல்காரருக்கு ஒரு பேர்கூட இல்லை!

நிற்க, இன்றைய சிகிச்சை என்னவென்று பார்ப்போம். மூக்கின் மேற்பகுதி எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு, மேலே தோல். இதில் அதிர்ஷ்டமோ லட்சணமோ எங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, எலும்பை அளவாக உடைத்து அமைத்து, குருத்தைச் செதுக்கியோ, நடுத்தடுப்பிலிருந்தும் காதிலிருந்தும் விலாவிலிருந்தும் எடுத்து வைத்தோ வடிவு கொடுக்கின்றார்கள். சுமார் ஒரு வாரம் கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பது இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருஷம் ஆகும். இரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், மூச்சு அடைக்கலாம், சிலருக்கு மறுபடியும் கத்தி வைக்க நேரலாம். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு அழகுக்காக இதைச் செய்யக்கூடாது. அழகு நிலையத்தில் மூக்கில் ஊசி போடுகின்றோம் என்பவர்களை நம்பவே கூடாது. ஊசி மருந்து இரத்தக் குழாயை அடைத்தால் கண்ணே போய்விடும்.

இவ்வளவையும் யாருக்காகச் சகிப்பது என்பதே கேள்வி. ஏலக்காயைச் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒரு விலை என்று தரம் பிரிக்கின்றோம். அது வியாபாரம். பெண் பார்க்க வருகின்றவர்களும் அதே சல்லடையைக் கொண்டுவந்து, மூக்கு சப்பை, நிறம் மட்டு என்று சலித்து, குறைவுக்கு ஈடாக நகை கேட்கின்றார்களே, இது என்ன? மாப்பிள்ளையின் மூக்கை யாராவது அளந்ததுண்டா? இப்பேர்ப்பட்டவர்களுக்காகப் பெண்ணைக் கத்திக்குக் கொடுப்பதைவிட, அந்தச் சம்பந்தத்தை அறுத்துவிடுவதே சரியான ரண சிகிச்சையாகும். வயது வந்த ஒரு பெண்ணோ ஆணோ, எல்லாம் தெரிந்து, தன் இஷ்டத்தின் பேரில் செய்துகொண்டால் அது அவர்கள் சுதந்திரம். அதைப் பரிகசிக்க நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் சிகிச்சை அவசியமானவர்களே வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கின்றார்கள் என்பதுதான் நமது வருத்தம். போடிமெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் எத்தனை பேர்! வண்டி கவிழ்ந்தோ, சரிவில் வழுக்கியோ, புருஷன் அடித்தோ மூக்குடைந்தால், “விதி” என்று மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்துவிடக்கூடாது. உடைந்த எலும்பை இரண்டு வாரத்துக்குள் நேராக்குவது சுலபம். மூக்கின் உள்ளே இரத்தம் கட்டி வீங்கி அடைத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். இல்லாவிட்டால் குருத்து அழுகி மூக்கு அமுங்கிவிடும். குஷ்டத்தால் அமுங்கிய மூக்கை நிமிர்த்தும் வேலையை வேலூரில் பால் பிராண்ட் என்னும் டாக்டர் 1940களின் பிற்பகுதியில் வந்து செய்து காட்டினார். மதுரை அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கின்றது. அங்கே போவதற்கு வெட்கம் எதற்கு?

மூக்கு சுவாசிப்பதற்கு இருக்கின்றது. மானம் அறிவிலும் நடத்தையிலும் இருக்கின்றது. மூக்கு கெட்டால் டாக்டர் திருத்துவார். மானம் மூக்கில் இருக்கின்றது என்கிற புத்தியை நாமேதான் திருத்திக்கொள்ள வேண்டும்.