மூட்டு வலியா? முதலில் காய்ச்சலைக் கேளுங்கள்

மூட்டு வலி என்றாலே "வயசாகிடுச்சு", "வாயு" என்று சொல்லி தைலத்தை நீட்டுவது தான் நம் ஊர் வழக்கம். இரண்டு மாதம் முன்பு காய்ச்சல் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அங்கே தான் தப்பு நடக்கிறது.

சிக்குன்குனியாவையே எடுத்துக் கொள்ளுங்கள். (கோழிக்கறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை!) 1952-ல் இன்றைய தான்சானியாவில் மக்கொண்டே மக்களிடையே பரவிய வைரஸ் காய்ச்சல் இது. வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் அவர்கள் மொழிச் சொல் தான் பெயராகிவிட்டது. 1964-ல் சென்னைக்கும் வந்தது. பல வருடம் அடங்கிக் கிடந்து, 2005-06-ல் இந்தியாவின் பல மாநிலங்களை மறுபடி படுக்கப் போட்டது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் மணிக்கட்டு, விரல், கணுக்கால் வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் கூட நிற்கும். காலையில் விரலை மடக்க முடியாது. பார்க்க முடக்கு வாதம் மாதிரியே இருக்கும். ஆனால் முடக்கு வாதத்துக்கு நீண்ட கால மருந்து வேண்டும். வைரஸ் வலியோ பெரும்பாலும் மெல்ல மெல்லத் தானே குறையும். இரண்டையும் குழப்பினால் அவதி நோயாளிக்குத் தான். பார்வோவைரஸ் பி19, ருபெல்லா, ஹெபடைடிஸ் பி கூட மூட்டைப் பிடிக்கும்.

இன்னொரு ஆபத்து, காய்ச்சலோடு கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது. அதே ஏடிஸ் கொசு தான் டெங்குவையும் பரப்புகிறது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவில் கொண்டு போய் விடலாம். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் போதும். டாக்டரிடம் போகும்போது எந்த மூட்டு வலிக்கிறது என்பதோடு, காய்ச்சல் எப்போது வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.