நாய்களைப் பிடித்துக் கொடுத்தால் உண்ணி போய்விடுமா?



ஆடித் திருவிழா நெருங்குது. அதுக்கு முன்னாடி நடக்கப்போற நிர்வாகக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்கணும். கோயில் வளாகத்தில் இருக்கிற நாலு நாய்களையும் நகராண்மைக் கழகத்து லோரியைக் கூப்பிட்டுப் பிடிச்சுக் கொடுத்திடலாமா, வேணாமா என்பதுதான் அது. வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு வாரமா இதே பேச்சு. தொண்டூழியர்களாகிய நாங்கள் அங்கே பதில் எழுதினா அரை மணி நேரத்தில் நூறு மெசேஜுக்கு அடியில் போயிடுது. அதனால் இங்கே எழுதுறோம். பதிவு நீளம்தான், பொறுமையா படிங்க.

பேச்சு ஆரம்பிச்சது பௌர்ணமி அன்னதானத்துக்குப் பிறகு. ஒரு பக்தரின் மகனுக்கு, வீட்டுக்குப் போன பிறகு, முழங்காலுக்குப் பின்னாடி ஒரு உண்ணி ஒட்டியிருந்தது. அந்தத் தாய் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாங்க. அவங்க பயம் நியாயம். அதை யாரும் சின்னதா பேசக்கூடாது. ஆனா அடுத்த பத்து நிமிஷத்தில் யாரோ தமிழ்நாட்டுச் செய்தி ஒன்றை அனுப்பினாங்க: "உண்ணிக் காய்ச்சல், மக்களே உஷார்." அங்கிருந்துதான் விஷயம் திசை மாறிப் போச்சு. "பாத்தீங்களா, நாயாலதான் வருது, உயிரே போகுமாம்" என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சாங்க.

அந்தச் செய்தியில் வர்ற காய்ச்சலுக்கும் நம்ம கோயில் நாய்க்கும் சம்பந்தம் இல்லை. பேர்தான் குழப்புது. தமிழ்ப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயை. அதைப் பரப்புவது நாய் மேல் நாம் பார்க்கிற உண்ணி இல்லை. லாலாங் புல், புதர், செம்பனை அடியில் வளரும் களை, இங்கெல்லாம் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. அது சாதாரணமா ஒட்டிக்கிறது எலி மேல். மனிதர் புல்லுக்குள்ள கால் வைச்சா மனிதர் மேல் ஏறும். கடிச்சது கூடத் தெரியாது. இன்னொரு பக்கம், மிருக வைத்தியர்களும் நாய்க்கு வர்ற ஒரு நோயை 'உண்ணிக் காய்ச்சல்' என்றுதான் சொல்றாங்க. அது நாய் உண்ணியால் நாய்க்கு வர்ற நோய். ஒரே பேர், ரெண்டு நோய், ரெண்டு வேற பூச்சி. இதை முதலில் பிரிச்சுப் பார்க்காம யாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போட வேண்டாம்.

ஸ்க்ரப் டைபஸ் நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்லை. 1920-களிலேயே மலாயாவின் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இந்தக் காய்ச்சலை டாக்டர்கள் பார்த்து எழுதி வைச்சிருக்காங்க. தோட்டத் தொழிலாளர் என்றால் யார்? நம்ம தாத்தா பாட்டிகளும் அவங்களோட வேலை செய்தவங்களும்தான். அப்போ சரியான மருந்து கிடையாது. 1948-ல் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து, குணமாகுது என்று காட்டினது கோலாலம்பூரில்தான். இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா கேட்கும். ஆபத்து எங்கே என்றால், கவனிக்காம விடுறதில்.

நம்ம ஊரில் காய்ச்சல் என்றால் எல்லார் மனசிலும் முதலில் டிங்கிதான். டிங்கி டெஸ்ட் எடுத்து, இல்லை என்று வந்ததும் பெனடோல் போட்டுப் படுத்துடுறோம். அப்படிச் செய்யாதீங்க. தோட்டத்தில், புல்வெளியில் இருந்துட்டு வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள்ள கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தா, கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க: "எஸ்டேட் கோயிலுக்குப் போனேன், புல்லில் உட்கார்ந்தேன்." உடம்பையும் நல்லா பாருங்க. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் பின்பக்கம். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தா அதைக் காட்டுங்க. வலிக்காது, அதனால்தான் பலபேர் கவனிக்கிறது இல்லை. எல்லாருக்கும் அது வரும் என்றும் இல்லை.

சரி, அந்தச் சிற்றுண்ணி எங்கே இருக்கும் என்று கேட்டா, எலி ஓடுற புதரில். நம்ம கோயிலுக்குப் பின்னாடி என்ன இருக்கு? இடுப்பு உயரத்துக்கு லாலாங். அதை ஒட்டி யார் இலையைப் போடுறாங்க? நாம்தான். அன்னதானம் முடிஞ்சதும் மிச்சச் சோறும் சாம்பாரும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வேலி ஓரம். செம்பனைத் தோட்டத்தில் ஏற்கனவே எலிக்குக் குறைச்சல் இல்லை. எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிற தோட்டங்கள் இருக்கு. நாம் அதுங்களுக்குத் தனியா விருந்து வைக்கிறோம். குப்பை லோரி வர்ற வரைக்கும் மூடி போட்ட தொட்டியில் வைக்க முடியாதா? உபயக்காரர்கள் பந்தி எத்தனை, பாயசம் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறாங்க. கழுவி எடுத்து வைக்கிற நேரத்தில் நாங்க ஏழு பேர்தான் நிக்கிறோம். (இந்தப் புலம்பல் இங்கே தேவையில்லைதான். ஆனாலும் எழுதியாச்சு.)

இப்போ நாய் உண்ணி. பையன் காலில் இருந்தது அதுதான். அது மனிதருக்கு ஒண்ணுமே செய்யாது என்று நாங்க சொல்லல. உலகத்தின் சில பகுதிகளில் அது மனிதருக்கும் காய்ச்சல் பரப்பியிருக்கு. ஆனா அதுக்குப் பிடிச்ச இரத்தம் நாயோடது, மனிதரைக் கடிக்கிறது அபூர்வம். நாய்களை அனுப்பிட்டா அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

இந்த உண்ணி வாழ்க்கை முழுக்க நாய் மேல் இருக்கிறது இல்லை. குஞ்சா ஒரு தடவை ஏறி இரத்தம் குடிச்சிட்டு இறங்கும். தோலுரிச்சு, வளர்ந்து, மறுபடி ஏறும். இறங்கும். பெரிசாகி மூணாவது தடவை ஏறும். வயிறு நிறைஞ்ச பெண் உண்ணி இறங்கி, சுவர் விரிசலிலோ பலகை இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதாவது எந்த நேரத்தில் பார்த்தாலும், நாய் மேல் இருக்கிறதை விட அதிகமான உண்ணி கட்டடத்தில்தான் இருக்கு. முனியாண்டி சந்நிதி பின்சுவரில் சாயங்காலம் டார்ச் அடிச்சுப் பாருங்க, மேலே ஏறிக்கிட்டு இருக்கும். மேடைக்குப் பின்னாடி அடுக்கி வைச்ச பழைய பாய், பந்தல் துணி, அட்டைப் பெட்டி, இதெல்லாம் அதுக்கு லயம் வீடு மாதிரி. பெரிய உண்ணி பல மாதம் இரத்தம் இல்லாமலே உயிரோடு இருக்கும்.

இந்த நிலையில் நாலு நாயையும் லோரியில் ஏத்தி அனுப்பினா, சுவரில் இருக்கிற உண்ணி அப்படியே இருக்கும், பசியோட. ஏறுறதுக்கு நாய் இல்லை. திருவிழா ராத்திரி அதே மண்டபத்தில் பாய் விரிச்சுப் படுக்கப் போறது யார்? நம்ம பிள்ளைங்க. கொஞ்ச நாளில் சோத்து வாசனைக்கு வேற நாய்ங்க தோட்டத்திலிருந்து வரும், ஊசி போடாதது, மருந்து கொடுக்காதது. அப்புறம் மறுபடி லோரியா?

நாங்க விசாரிச்சது வேற வழி. இப்போ நாய்க்கு வாயில் கொடுக்கிற உண்ணி மாத்திரைகள் வந்திருக்கு. சிலது ஒரு மாசத்துக்குக் காக்கும், சிலது பன்னிரண்டு வாரத்துக்கு. மருந்து நாயோட இரத்தத்தில் இருக்கும். உண்ணி கடிச்சா, செத்துப் போகும். கவனிங்க, கடிச்ச பிறகுதான் சாகும். அதனால் மாத்திரை கொடுத்த நாய் மேல் உண்ணியைப் பார்த்துட்டு "மருந்து வேலை செய்யல" என்று சொல்லக்கூடாது. சுவரிலிருந்து இறங்கி வர்ற ஒவ்வொரு உண்ணியும் அந்த நாய் மேல் ஏறிச் சாகுது. மருந்து கொடுத்த நாய், நடமாடும் உண்ணிப் பொறி. அதைப் பிடிச்சு அனுப்புறது வீட்டில் எலி இருக்கும்போது பூனையைத் துரத்துற மாதிரி. முட்டைகள் பொரிஞ்சு பொரிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும், அதனால் ஒரு தடவை கொடுத்து நிறுத்தினா பிரயோஜனம் இல்லை. சில மாதம் விடாம கொடுக்கணும். கூடவே சுவர் விரிசலை சிமெண்ட் போட்டு அடைச்சு, பழைய சாமான்களை எரிச்சோ எறிஞ்சோ காலி பண்ணி, பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு அடிச்சு, சில வாரம் கழிச்சு மறுபடி அடிக்கணும். அடிக்கும்போது மீன் தொட்டியை மூடணும், காயுற வரைக்கும் பூனைகளை உள்ளே விடக்கூடாது.

பெரியவர் ஒருத்தர் கேட்டார்: அந்த மாத்திரையில் இறைச்சி வாசனை சேர்த்திருக்காங்களாமே, கோயிலுக்குள்ள எப்படி? நியாயமான கேள்வி. வாசலுக்கு வெளியே, ஆலமரத்தடியில் கொடுக்கிறோம். நாய்ங்க அங்கேதான் படுக்குது. பைரவர் வாகனம், தர்மரோட கடைசி வரைக்கும் நடந்த நாய் என்று கதை சொல்லி யாரையும் மடக்க நாங்க வரல. வாகனம் என்று கும்பிட்டுட்டு காதில் திராட்சைக் கொத்து மாதிரி உண்ணி தொங்குறதைப் பார்த்துக்கிட்டே போறவங்களும் நம்மில்தான் இருக்கோம். அந்த நாய்களுக்கும் இது சாதாரண அரிப்பு இல்லை. கறுப்பன் போன வருஷம் சாப்பாட்டைத் தொடாம, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடிஞ்சு படுத்தது ஞாபகம் இருக்கும். நாய்க்கு வர்ற உண்ணிக் காய்ச்சல் அதுதான். நாலு வாரம் மருந்து கொடுத்துத்தான் எழுந்து நடந்தது.

கோலாலம்பூரிலிருந்து கார் எடுத்து வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சிலர் வீட்டு நாயையும் கூட்டி வர்றீங்க, பிள்ளை மாதிரி, தப்பில்லை. ஆனா வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திரை கொடுத்துக் கூட்டி வாங்க. இல்லாட்டி கோயில் உண்ணி உங்க கொண்டோவுக்குப் போகும், இல்லை உங்க உண்ணி இங்கே இறங்கும். யார் யாருக்குக் கொடுத்தது என்று சண்டை வேற.

கைவைத்தியம் பற்றி ஒரு பட்டியலே குழுவில் ஓடுது. மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், மாட்டுக்குப் போடுற ஊசி மருந்தைக் குத்துமதிப்பா நாய்க்குக் குத்துறது. தயவு செய்து வேணாம். தோல் வெந்துபோகும், நக்கினா விஷம், அந்த ஊசி அளவு தப்பினா நரம்பைத் தாக்கும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது, பெர்மெத்ரின் இருந்தா பூனை செத்துப்போகும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் புண்ணுக்கு இதமா இருக்கலாம், சுவரில் இருக்கிற ஆயிரம் உண்ணிக்கு அது போதாது. அமெரிக்காவில் உண்ணி கடிச்சு வட்டமா சிவந்த கையோட படமும் ஒன்று சுத்துது. அது லைம் நோய், நாய் உண்ணி அதைப் பரப்புறது இல்லை.

மனிதர் மேல் ஒட்டினா தீக்குச்சி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீங்க. முனை கூர்மையான சாமணம், புருவம் பிடுங்க வைச்சிருப்பீங்களே, அதால் தோலை ஒட்டி, உண்ணியோட வாய்ப் பக்கமாப் பிடிச்சு, முறுக்காம நேரா மெதுவா இழுங்க. விரலால் நசுக்க வேணாம். சோப்புப் போட்டுக் கழுவுங்க, தேதியைக் குறிச்சு வைங்க. காதுக்குள்ள போயிட்டா மட்டும் வீட்டில் யாரும் தோண்டக்கூடாது. கிராமப்புறப் பிள்ளைங்களுக்கு நம்ம நாட்டில் இது நடக்கிறதுதான். திடீர்னு காது வலி, உள்ளே ஏதோ ஊருது என்று பிள்ளை அழுதா நேரா ஆஸ்பத்திரி.

பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார், கேட்கணும். நாலு நாய்க்கு மாத்திரைக்கான உபயத்தை ரெண்டு குடும்பம் ஏற்கனவே எடுத்துக்கிட்டாங்க, பேர் போட வேணாம் என்று சொல்லிட்டாங்க. நாலுக்கும் கருத்தடை செய்யவும் ஒருத்தர் முன்வந்திருக்கார். மீதி இருக்கிறது சிமெண்ட், பூச்சி மருந்துக் கூலி, மூடி போட்ட ரெண்டு பெரிய குப்பைத் தொட்டி. நிர்வாகத்திடம் நாங்க கேட்கிறது இதுதான்: லோரிக்குப் போன் பண்றதை மூணு மாசம் தள்ளி வைங்க. அதுக்குள்ள சுவரில் உண்ணி குறையலன்னா கூட்டத்தில் எங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க, வந்து பதில் சொல்றோம்.

வர்ற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பின்பக்க லாலாங்கை வெட்டுறோம். புல் வெட்டுற மெஷின் ரெண்டு இருக்கு, இன்னும் ஒன்று இருந்தா நல்லது. நீளக் கால்சட்டை, பூட்ஸ், காலுறைக்குள்ள கால்சட்டையைச் செருகிக்கிட்டு வாங்க. வெட்டின புல் மேல் யாரும் உட்கார வேணாம், வீட்டுக்குப் போனதும் துணியைத் துவைக்கப் போட்டுட்டுக் குளிங்க. பசியாற இட்லியும் தேத்தண்ணியும் நாங்க ஏற்பாடு பண்றோம்.

ஆலயத் தொண்டூழியர்கள்